வீட்டுக்கு இன்டர்நெட்: ஃபைபரா, ஏர்ஃபைபரா, கேபிள்காரர் தரும் இணைப்பா?

கேள்வி இதுதான்: திருச்சி புறநகரில் புது மனைப்பிரிவு. வாடகை வீடு, கீழும் மேலுமாக இரண்டு தளம். கணவன் மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், நான்கு சிசிடிவி கேமரா. கையில் மூன்று வழி இருக்கிறது: பெரிய நிறுவனத்தின் ஃபைபர், மொட்டை மாடியில் பெட்டி மாட்டித் தரும் 5ஜி ஏர்ஃபைபர், தெருவில் கேபிள் டிவி நடத்துபவர் தரும் நெட். எதை எடுப்பது, எத்தனை எம்பிபிஎஸ் வேகத்தில் எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வருகிற தெரு என்றால் ஃபைபர்தான். யாருடைய ஃபைபர் என்பதை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாசலுக்கு வரும் கடைசி 500 மீட்டர் கேபிள் யார் பொறுப்பில் இருக்கிறது, அது அறுந்தால் யார் எத்தனை மணி நேரத்தில் வந்து ஒட்டுவார் என்பதுதான் அடுத்த மூன்று வருடம் நீங்கள் நிம்மதியாக வேலை பார்ப்பீர்களா என்பதைத் தீர்மானிக்கும். 100 எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு மேல் செலவழிக்க நினைக்கும் பணத்தை வீட்டுக்குள் இழுக்கும் லேன் கேபிளுக்கும் ஒரு மினி யூபிஎஸ்ஸுக்கும் போடுங்கள்.

இனி காரணங்கள்.

எவ்வளவு வேகம் உண்மையில் தேவை

ஒரு வீடியோ மீட்டிங் நல்ல தரத்தில் ஓட, இறங்கவும் ஏறவும் தலா 4 எம்பிபிஎஸ் போதும். இரண்டு பேர் மீட்டிங், இரண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் 16. ஹாலில் 4கே படம் ஓடினால் நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 31தான். மொபைல் அப்டேட், ஃபைல் டவுன்லோட் எல்லாம் சேர்த்தாலும் 100-ஐ நிரப்புவது கடினம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி டவுன்லோட் ஆகும். விளம்பரத்தில் இருப்பது பிட் கணக்கு, கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கு, அதனால் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதும் குரல் வெட்டி வெட்டிப் போவதும் பெரும்பாலும் அப்லோட் பற்றாக்குறையால்தான். பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் இரண்டும் பெரும்பாலும் சமமாகவே கிடைக்கும். சில உள்ளூர் ஆபரேட்டர்கள் 100 இறக்கம், 20 ஏற்றம் என்று வைத்திருப்பார்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

கேமரா விஷயத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேமராக்கள் வீட்டிலிருக்கும் டிவிஆர், என்விஆர் பெட்டியில் பதிவாகின்றன என்றால், வெளியிலிருந்து போனில் திறந்து பார்க்கும்போது மட்டும்தான் நெட் செலவாகும். அதே நான்கு கேமராவும் தலா 2 எம்பிபிஎஸ் வீதம் இரவு பகலாகக் கிளவுடுக்கு ஏற்றினால் மொத்தம் 8 எம்பிபிஎஸ். ஒரு நாளுக்கு 86 ஜிபி, 30 நாளுக்கு ஏறக்குறைய 2,590 ஜிபி. 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்ற வரம்பு பரவலாக இருக்கிறது. ஏர்ஃபைபர் திட்டங்களில் அது 1,000 ஜிபிதான். பெரும்பாலான திட்டங்களில் ஏற்றுவதும் இந்தக் கணக்கில் சேரும். அப்படியானால் ஏர்ஃபைபரில் 12ஆம் நாளே வரம்பு தீர்ந்து வேகம் விழுந்துவிடும். கேமராவை வீட்டுப் பெட்டியிலேயே பதிவு செய்ய வையுங்கள்.

ஃபைபர் எப்படி வருகிறது, எங்கே கெடுகிறது

ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டி என்ற பெட்டியிலிருந்து ஒரே ஒரு இழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டிகளில் அது எட்டாகவோ பதினாறாகவோ பிரிந்து கடைசியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகும். இப்படி ஒரே இழையைப் பிரித்துத் தரும் முறையில் ஜிபான், ஈபான் என்று இரண்டு வகை உண்டு. ஜிபான் வகையில் அந்த ஒரு இழையின் மொத்தக் கொள்ளளவு இறக்கத்தில் 2.5 கிகாபிட், ஏற்றத்தில் 1.25 கிகாபிட். 64 வீடும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இழுத்தாலும் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் வரும். அப்படி எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் 100 எம்பிபிஎஸ் திட்டம் சிரமமில்லாமல் ஓடும். கேபிள்காரர்கள் பலர் விலை குறைவான ஈபான் வகையைப் போட்டிருப்பார்கள். அதில் மொத்தமே 1 கிகாபிட் அளவுதான். அதுவும் 64 வீட்டுக்குப் பிரிந்திருந்தால் இரவு ஒன்பது மணிக்கு நெரிசல் தெரியும். 'ஜிபானா, ஈபானா, எத்தனை வீட்டுக்கு ஸ்ப்ளிட்?' என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்லிவிடுவார்.

ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகிலும், வழியில் அது குறைவதை டெசிபலிலும் சொல்வார்கள். ஓஎல்டியிலிருந்து சுமார் +3 டிபிஎம் வலிமையில் ஒளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.5 டெசிபல் தின்னும். இரண்டு ஸ்ப்ளிட்டருக்கு 21. ஐந்து கிலோமீட்டர் கேபிளுக்கு ஒன்றரை, ஜாயிண்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் ஒன்றரை. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும்போது –21 டிபிஎம் இருக்கும். –18க்கும் –24க்கும் இடையில் இருந்தால் நல்ல இணைப்பு. –25க்குக் கீழே போனால் ஓரத்தில் நிற்கிறது என்று பொருள். –27ஐத் தாண்டினால் சாதாரணப் பெட்டிகள் ஒளியைச் சரியாகப் படிக்க முடியாமல் விட்டு விட்டு இணையும். 3 டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு.

இந்த எண்ணை நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும் (பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும்). ஸ்டேட்டஸ் பகுதியில் பான் அல்லது ஆப்டிகல் என்ற தலைப்பின் கீழ் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். இணைப்பு கொடுத்த அன்றே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். நிறுவனம் அந்தப் பக்கத்தைப் பூட்டியிருந்தால், வந்த ஆளிடம் பவர் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் தடுமாறும்போது –20ஆக இருந்தது –26 ஆகியிருந்தால் பிரச்சினை கேபிளில். எண் மாறவே இல்லை என்றால் வெளியில் கேபிளைத் தேடுவது வீண். கோளாறு ஆபரேட்டர் பக்கத்திலோ உங்கள் வைஃபையிலோ இருக்கிறது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் 'ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்ற பேச்சு அதோடு நிற்கும்.

ஒளி குறைவதற்கு நம் ஊரில் காரணங்கள் சில, திரும்பத் திரும்ப வருபவை. முதலாவது, வீட்டு முனையில் இழையை உருக்கி ஒட்டாமல் ஃபாஸ்ட் கனெக்டர் என்ற சொருகு முனையை மாட்டிவிட்டுப் போவது. உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங்கில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் இருக்கும். ஃபாஸ்ட் கனெக்டரில் மாட்டிய அன்றே 0.3 முதல் 0.5 வரை போகும். நாளாக ஆக, சூட்டிலும் தூசியிலும் உள்ளே இழை நகர்ந்து இன்னும் கூடும். 'ஸ்ப்ளைஸ் மிஷின் கொண்டு வாங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பச்சை முனையும் நீல முனையும் மாறிப் போவது. பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் நேராக. பச்சையை நீலத் துளையில் சொருகினாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஒளி மட்டும் பல டெசிபல் கரையும். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்.

மூன்றாவது, ஜன்னல் மூலையிலும் கதவுச் சந்திலும் கேபிளை மடக்கி ஆணி அடிப்பது. வளைவின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வீட்டுக்குள் மூன்று நான்கு மீட்டர் உபரிக் கேபிளைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். முனை கெட்டால் வெட்டிப் புதிதாக ஒட்ட அது வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், துளை வழியாக உள்ளே வராது.

மழைக்கு நெட் போவதற்கும் இதே போன்ற காரணம்தான். கண்ணாடி இழைக்கு மழையால் ஒன்றும் ஆகாது. கம்பத்தில் தொங்கும் ஜாயிண்ட் பெட்டி சரியாக மூடப்படாமல் தண்ணீர் இறங்குவதும், காற்றில் கேபிள் ஆடி எங்கோ மடங்குவதும்தான் நெட்டை நிறுத்துகின்றன. அணில் கடிக்கும். வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போகும். ஈபிக்காரர்கள் கிளை வெட்டும்போது சேர்த்து வெட்டுவார்கள். மழைநீர் வடிகால் தோண்டும்போது தரைக்கு அடியில் போகும் கேபிளும் அறுந்துபோகும். இவற்றையெல்லாம் யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் ஒட்ட வருகிற ஆள் முக்கியம் என்கிறேன்.

பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் கண் சிமிட்டினால் ஒளி வரவே இல்லை, கேபிள் அறுந்திருக்கிறது அல்லது முனை கழன்றிருக்கிறது. பான் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் ஒளி வருகிறது, போதவில்லை அல்லது பெட்டி ஆபரேட்டரிடம் பதிவாகவில்லை. இரண்டும் நிலையாக இருந்து நெட் மட்டும் இல்லையென்றால் அது கணக்கு, பில், சர்வர் பக்கத்துச் சிக்கல். புகார் சொல்லும்போது எந்த விளக்கு எப்படி இருக்கிறது என்று சொன்னால் சரியான ஆளை அனுப்புவார்கள். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும். பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

பெரிய நிறுவனமா, கேபிள்காரரா

இந்தக் கேள்விக்குப் பலர் நினைப்பதுபோல் நேர்க்கோடு கிடையாது. பிஎஸ்என்எல் ஃபைபரையே பல ஊர்களில் உள்ளூர்க் கேபிள்காரர்தான் பங்குதாரராக நின்று இழுத்துத் தருகிறார். பில் பிஎஸ்என்எல் பெயரில் வரும், வீட்டுக்கு வரும் கேபிள் அவருடையது, கோளாறு என்றால் வருவதும் அவருடைய ஆள். பெரிய தனியார் நிறுவனங்களும் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டிருப்பார்கள். ஆக, பெயர்ப்பலகையைவிட ஆள்தான் விஷயம்.

கேபிள்காரரின் பலம், அவர் தெருக்காரர். ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோடு வந்துவிடுவார். பலவீனம், அவர் மேலே இருக்கும் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி விற்கும் நெட்டின் கொள்ளளவு. 400 வீட்டுக்கு இணைப்பு கொடுத்துவிட்டு மேலே குறைவாக வாங்கியிருந்தால் மதியம் பறக்கும், இரவு ஊரும். பெரிய நிறுவனத்தில் இந்த நெரிசல் குறைவு. ஆனால் உங்கள் மனைப்பிரிவில் அவர்களுக்கு பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்தான் என்றால், அறுந்த கேபிளுக்கு ஆள் வர மூன்று நாள் கூட ஆகலாம்.

இதைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டில் விசாரியுங்கள். போன மழைக்காலத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் நெட் இல்லாமல் இருந்தது? இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றுகிறதா? கோளாறு என்றால் கால் சென்டருக்கா, நேராக ஆளுக்கா போன் செய்வீர்கள்? அப்படியே தெருவில் நடந்து, அந்த நிறுவனத்தின் ஸ்ப்ளிட்டர் பெட்டி உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கம்பத்துக்குள் என்றால் நல்லது. பத்துக் கம்பம் தாண்டி உங்களுக்காக மட்டும் ஒரு கேபிள் தொங்கி வரப்போகிறது என்றால், அது அறுவதற்குப் பத்து இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கேபிள்காரர் 'நெட்' என்று சொல்வது எல்லாம் ஃபைபர் ஆகாது. யாரோ ஒருவர் வீட்டு மாடி வரை ஃபைபர் வந்து, அங்கே சுவிட்ச் பெட்டி வைத்து, அதிலிருந்து லேன் கேபிளை வீடு வீடாகத் தொங்கவிடுவது இன்னும் நடக்கிறது. லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நம்பகமாக ஓடாது. அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும். இடி இடித்தால் செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் வந்து ரௌட்டர், சில நேரம் டிவி வரை கருகும். ஃபைபரில் அந்தப் பயம் கிடையாது, கேபிளோடு வரும் தாங்கு கம்பியை மட்டும் வெளிச்சுவர்க் கொக்கியிலேயே வெட்டி நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழையா, எட்டுக் கம்பி லேனா என்று கேட்டுவிடுங்கள். லேன் என்றால் வேண்டாம்.

பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் பிராட்பேண்டைப் பற்றி ஒரு வரி போதும்: தூரம் கூடக் கூட வேகம் விழும், கம்பி துருப்பிடித்தால் மழைக்கு மழை நிற்கும், இன்று புதிதாக எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

ஏர்ஃபைபர் யாருக்கு

பெயரில் ஃபைபர் இருந்தாலும் இது 5ஜி மொபைல் டவரிலிருந்து காற்றில் வரும் இணைப்பு. ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும், ஜியோ அதே வருடம் செப்டம்பர் 19ஆம் தேதி சென்னை உட்பட 8 பெருநகரங்களிலும் தொடங்கின. மாடியில் டவரைப் பார்த்து ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு லேன் கேபிள் கீழே, கீழே வைஃபை ரௌட்டர். கம்பம், தோண்டுதல், அனுமதி எதுவும் வேண்டாம். ஒரே நாளில் மாட்டிவிடுவார்கள். வீடு காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், போகிற இடத்திலும் 5ஜி இருந்தால்.

இதன் குறைகள் அதன் வேலை முறையிலேயே இருக்கின்றன. டவரின் கொள்ளளவைத் தெருவிலுள்ள எல்லா மொபைல் போன்களோடும் பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் மாலை ஏழு முதல் பதினொன்று வரை வேகம் ஏறி இறங்கும். 5ஜிக்குப் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இறக்கமும் ஏற்றமும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. பெரும்பகுதி நேரம் இறக்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் 100 எம்பிபிஎஸ் இறங்கும் இடத்தில் அதில் ஒரு சிறு பகுதிதான் ஏறும். வீட்டிலிருந்து இரண்டு பேர் மீட்டிங் பேசும் உங்களை இது பாதிக்கும். தகவல் போய்வர ஆகும் தாமதமும் சீராக இருக்காது, 20 மில்லிசெகண்டில் ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று 80க்குப் போய் வரும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு உடனே தெரியும்.

எடுப்பதென்றால், மாட்டும் ஆளிடம் சிக்னல் எண்களைக் கேளுங்கள். ஆர்எஸ்ஆர்பி –80 முதல் –90க்குள் இருந்தால் நன்று, –105க்குக் கீழே என்றால் வேண்டாம். எஸ்ஐஎன்ஆர் 15க்கு மேல் இருக்கட்டும். 5க்குக் கீழே என்றால் வேகம் நிலைக்காது. முதல் எண் சிக்னலின் வலிமை, இரண்டாவது அதன் தெளிவு. தெளிவுதான் அதிகம் முக்கியம். மரக்கிளைக்கு நேரே மாட்டவிடாதீர்கள். ஈர இலைகள் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும், கோடையில் சரியாக இருந்தது ஐப்பசியில் தடுமாறும். மாடியிலிருந்து இறங்கும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்டதாக இருக்கட்டும், இடி நேரத்தில் கீழே அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஃபைபர் இல்லாத தெரு, ஒரு வருடத்துக்குள் காலி செய்யப் போகிற வீடு, படமும் சமூக ஊடகமும்தான் முக்கியப் பயன்பாடு: இந்த மூன்றில் ஒன்றென்றால் ஏர்ஃபைபர் நல்ல தேர்வு.

செயற்கைக்கோள் இணைப்பு உங்களுக்குத் தேவையில்லை. வால்பாறை, கொல்லிமலை போன்ற இடங்களில் டவரும் எட்டாத எஸ்டேட் வீட்டுக்கு அது பொருந்தும். பழைய வகையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் போய்வரவே அரை நொடிக்கு மேல் ஆகும், மீட்டிங் பேச முடியாது. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் தாமதம் பிரச்சினையில்லை. இலங்கையில் அது 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்றது.

வீட்டுக்குள் நடக்கும் இழப்பு

'100 எம்பிபிஎஸ் போட்டேன், 35தான் வருது' என்ற புகாரில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நடைமுறையில் 30 முதல் 50 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், அதிலும் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் எல்லாம் அதே சேனலில் இருந்தால் இன்னும் குறையும். சேனலை 1, 6, 11 மூன்றில் ஆள் குறைவாக இருப்பதற்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் ஓய்ந்துவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேல்மாடிக்குப் போவதும் கடினம்.

ஆகவே பெட்டியை வாசல் பக்கத்து ஜன்னலில் வைக்க விடாதீர்கள். ஃபைபர் இழை தலைமுடி கனம்தான், அதை வீட்டின் நடுவரை இழுப்பதில் சிரமமில்லை, கேட்டால் செய்வார்கள். மேல்தளத்துக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை ரௌட்டரை ஆக்ஸஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மாற்றித் தரும் பெட்டியாக) வையுங்கள். கம்பியில்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் ரிப்பீட்டர்கள் வேகத்தைப் பாதியாக்கும். வாடகை வீடு என்றால் மாடிப்படி ஓரமாக பிவிசி கேசிங்கில் கொண்டுபோனால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கேபிள் வாங்கும்போது கவனம். கடையில் 'கேட் 6' என்று மலிவாகக் கொடுப்பதில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. நகத்தாலோ பிளேடாலோ கம்பியின் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிட்டு முழுச் செம்பு கேளுங்கள். எட்டுக் கம்பியும் சரியாக இணைந்தால்தான் 1 கிகாபிட் வரும். லேப்டாப்பில் லிங்க் வேகம் 100 என்று காட்டினால் ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது, முனையை மறுபடி கிரிம்ப் செய்ய (கருவியால் அழுத்திப் பொருத்த) வேண்டும். விலை குறைந்த ஃபைபர் பெட்டிகளில் இரண்டு லேன் துளை இருந்தால் ஒன்று 1 கிகாபிட், மற்றது 100 மெகாபிட்தான். மேல்தளத்துக்குப் போகும் கேபிளை முதலாவதில் சொருகுங்கள்.

கரண்ட் போனாலும் ஃபைபர் ஓடும், உங்கள் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் மாறும்போதெல்லாம் ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை யூபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். மாறும் நேரம் குறைந்து பெட்டி அணையாமல் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். கணக்கு எளிது: 3.7 வோல்ட், 10,000 எம்ஏஹெச் என்று எழுதியிருந்தால் 37 வாட்-மணி. நடைமுறையில் 30 கிடைக்கும். ஃபைபர் பெட்டி 9 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஓடும். அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், முனையின் அளவு மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேமராவை வெளியிலிருந்து பார்க்க

இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. இன்று பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ரௌட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் காட்டும் ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான். அந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் நேராகக் கேமராவுக்கு அனுப்பும் செட்டிங்) வேலை செய்யாது, எத்தனை முறை செட்டிங் மாற்றினாலும் பயனில்லை. கேமரா நிறுவனத்தின் ஆப்பில் க்யூஆர் கோடு மூலம் இணைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பொது ஐபி தேவையில்லை. அலுவலக வேலைக்கு நிலையான ஐபி கட்டாயம் என்றால் தனிக் கட்டணத்தில் ஃபைபரில் வாங்கலாம். எதுவானாலும் கேமராப் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

மாற்று ஏற்பாடு

இரண்டு சம்பளம் நெட்டை நம்பி இருக்கும் வீட்டில் ஒரே இணைப்போடு இருப்பது சரியில்லை. இரண்டாவது இணைப்பு வேறு வழியில் வர வேண்டும். இரண்டு நிறுவனத்து ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தால் ஒரே கிளை இரண்டையும் அறுக்கும். ஃபைபர் ஒன்று, அதோடு வேறொரு நிறுவனத்தின் 5ஜி சிம் போனில் இருந்தால் போதும். ஹாட்ஸ்பாட் போட்டு அன்றைய மீட்டிங்கை முடித்துவிடலாம். அடிக்கடி தேவைப்படும் என்றால் இரண்டு வான் துளை உள்ள ரௌட்டர் வாங்கித் தானாக மாறும்படி வையுங்கள். மாறும் நொடியில் ஐபி மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு ஒருமுறை அறுந்து சேரும், விபிஎன் (அலுவலகத்துக்கான பாதுகாப்பான இணைப்பு) மறுபடி இணைய வேண்டியிருக்கும். பெரும்புயலுக்கு மட்டும் இது போதாது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் மின்கம்பங்களோடு கேபிள்களும் போயின, மின்சாரம் இல்லாமல் டவர்களும் அடங்கின.

பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும்

விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். 399 என்றால் கையிலிருந்து போவது 470.82. 'ஒரு வருடம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்' என்பதை முதல் மாதமே ஏற்காதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், மழைக்காலம் பக்கத்தில் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வருடக் கட்டணத்துக்குப் போகலாம். பெட்டி யாருக்குச் சொந்தம், டெபாசிட் எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தில் ரசீது தருவார்களா என்பதை இணைப்பு எடுக்கும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்களே பெட்டி வாங்குவதென்றால் ஜிபான், ஈபான் இரண்டும் ஏற்கும் எக்ஸ்பான் வகையாக வாங்கினால், ஆபரேட்டர் மாறினாலும் பெரும்பாலும் பயன்படும். அதன் எண்ணைப் புது ஆபரேட்டர் தன் ஓஎல்டியில் பதிந்து கொடுக்க வேண்டும்.

முதல் வாரத்தில் வேகத்தை லேன் கேபிளில் லேப்டாப்பை மாட்டி அளங்கள், வைஃபையில் அளந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மதியம் ஒன்று, இரவு ஒன்பது, ஞாயிறு மாலை என்று மூன்று நேரம். சோதனைத் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் ஆபரேட்டருடையதாகவே இருக்கும், அதில் எப்போதும் நன்றாகத்தான் வரும். சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் வேறு நிறுவன சர்வர்களைத் தேர்ந்தெடுத்து அளங்கள். உங்கள் அலுவலக சர்வர் சிங்கப்பூரில் என்றால் அங்கேயும் ஒருமுறை. கடலடி கேபிள்கள் சென்னையிலேயே கரையேறுகின்றன. அப்படியிருந்தும் சிங்கப்பூர் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபரேட்டர் மும்பை வழியாகச் சுற்றவிடுகிறார் என்று சந்தேகிக்கலாம்.

தடுமாற்றம் எங்கே என்று பிரிக்க இரண்டு பிங் (ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போதும். உங்கள் பெட்டியான 192.168.1.1க்கு நூறு முறை, வெளியிலிருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு நூறு முறை. முதலாவதிலேயே சில தொலைந்தால் உங்கள் வைஃபை அல்லது கேபிள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் தொலைந்தால் ஆபரேட்டர் பக்கம். அந்தத் திரையைப் படமெடுத்து, ஆர்எக்ஸ் பவர் படத்தோடு சேர்த்துப் புகார் கொடுங்கள்.

புகாரை வாட்ஸ்அப்பில் சொல்லியதோடு விடாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி எல்லா நிறுவனமும் அந்த எண்ணைத் தர வேண்டும். தீரவில்லை அல்லது திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பகுதி மேல்முறையீட்டு அதிகாரியின் மின்னஞ்சல் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். இணைப்பு எடுக்கும் நாளிலேயே அதையும், கம்பத்தில் ஏறும் ஆளின் போன் எண்ணையும் குறித்து ஃபைபர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.